கதிரையில் அமருமுன்: கருமுடிக்குப் பலயாஜ்

பாடசாலைக் காலம் முழுக்க இரட்டைப் பின்னலும் ரிபனும். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் முதலில் மாறுவது முடிதான். கண்டியில் தலதா வீதியிலிருந்து பேராதனை வீதி வரைக்கும், அப்பால் கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, பிலிமத்தலாவை வரைக்கும் இருக்கிற சலூன்களுக்குள் போனை நீட்டியபடி நுழைகிறவர்கள் மாணவியர் மட்டுமல்ல. கலியாணத்துக்கு நாள் குறித்த பெண், வங்கியில் வேலை பார்ப்பவர், முதல் நரையைக் கண்டு யோசனையில் விழுந்த நாற்பது வயதுக்காரி என்று எல்லோரும் வருகிறார்கள். போன் திரையில் பெரும்பாலும் ஒரே விதமான படம்: வேர்ப்பக்கம் கருமை, தோளுக்குக் கீழே மெல்ல மெல்ல வெளுத்து, நுனியில் சாம்பல் கலந்த பொன்னிறம். "இந்த மாதிரி வேணும்."

அந்தப் படத்தில் இருப்பவரின் முடி எந்த நிறத்திலிருந்து புறப்பட்டது என்பது படத்தில் தெரியாது. எத்தனை தடவை சலூனுக்குப் போய்வந்து அந்த நிலைக்கு வந்தது என்பதும் தெரியாது. நம்முடைய முடி எங்கிருந்து புறப்படுகிறது, ஒரே அமர்வில் எவ்வளவு தூரம் போகலாம், இடையில் அது எதையெல்லாம் தாங்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு கதிரையில் உட்கார்ந்தால் பணமும் தப்பும், முடியும் தப்பும்.

தூரிகை வேலை

அந்தப் படத்தில் இருப்பது பலயாஜ், 1970களில் பாரிஸ் நகரத்துச் சலூன்களில் உருவான முறை. அந்தக் காலத்தில் ஹைலைட் என்றால், துளைகள் உள்ள ரப்பர் தொப்பியைத் தலையில் மாட்டி, கொக்கி ஊசியால் கற்றைகளை வெளியே இழுத்து வெளுப்பார்கள். அலுமினியத் தாளில், அதாவது ஃபொயிலில், கற்றை கற்றையாக மடித்து வெளுக்கும் முறையும் உண்டு. இரண்டிலும் நிறம் வேரிலிருந்தே தொடங்கும். முடி வளர்ந்ததும் வகிட்டில் கோடு தெரியும். பலயாஜில் தூரிகையைக் கையில் பிடித்து, முடியின் மேற்பரப்பில் நேரடியாகத் தீட்டுகிறார்கள். மேலே தொட்டும் தொடாமலும், கீழே வரவர அழுத்தமாக. வேரை விட்டுவிட்டுத் தொடங்குவதால் வளரும்போது கோடு விழாது. வழமையான ஹைலைட் செய்தவர் ஆறு எட்டு வாரத்தில் திரும்பிப் போக வேண்டியிருக்க, பலயாஜ் செய்தவர் மூன்று நான்கு மாதம், சில வேளை அதற்கு மேலும் தாக்குப்பிடிப்பார். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் இதன் உண்மையான கவர்ச்சி. ஒம்ப்ரே என்று சொல்வது வேறு: அதில் முடியின் கீழ்ப்பாதி முழுவதும் ஒரே சீராக வெளுக்கும். பலயாஜில் இடையிடையே கருமுடி நிற்கும்.

கருமுடிக்காரர்கள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. விலைப்பட்டியலில் ஒரே வரியில் 'பலயாஜ்' என்று இருப்பது உண்மையில் இரண்டு வேலை. முதலில் வெளுத்தல். பெர்சல்பேட் உப்புகள் கலந்த பொடியை ஹைட்ரஜன் பெரொக்சைட் கிரீமுடன் குழைத்துப் பூச, அது முடித்தண்டுக்குள் புகுந்து கருமை தரும் மெலனினைச் சிதைக்கிறது. அந்த மெலனின் திரும்பி வராது. அடுத்தது டோனர். வெளுத்த இடத்தில் தெரியும் செம்மஞ்சளைத் தணித்து, நீங்கள் கேட்ட கரமல், தேன், செம்பு நிறத்தை அதுதான் கொடுக்கிறது. டோனர் நான்கிலிருந்து எட்டு வாரத்தில் கழுவுப்பட்டு மங்கும். அதற்குப் பிறகு கண்ணாடியில் தெரிவது வெளுத்தலின் தரம்தான்.

பாரிஸ் முறைப்படி தீட்டிய கற்றையைத் திறந்தபடியே விட்டுவிடுவார்கள். வெளுப்புக் கலவை ஈரமாக இருக்கும் வரைக்கும்தான் வேலை செய்யும், காய்ந்தால் நின்றுவிடும். மென்மையான பழுப்பு முடிக்கு அது காய்வதற்குள் கிடைக்கும் நேரம் போதும். நம்முடைய தடித்த கருமுடிக்குப் பெரும்பாலும் போதாது. அதனால் தெரிந்த சலூன்காரர்கள் கையால் தீட்டிவிட்டு அந்தக் கற்றையை ஃபொயிலிலோ மெல்லிய பிளாஸ்டிக் தாளிலோ மூடிவைப்பார்கள். இதை ஃபொயிலயாஜ் என்கிறார்கள். ஃபொயிலைக் கண்டதும் "நான் கேட்டது இது இல்லையே" என்று பதற வேண்டாம்; கருமுடிக்கு அதுதான் ஒழுங்கான வழி. பதற வேண்டியது, கலவையைத் திறந்து வைத்துவிட்டுத் தலைக்கு நேரே மின்விசிறியைச் சுழலவிட்டால்தான். நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒன்றிலிருந்து பத்து வரை

முடியின் கருமையைச் சலூன்காரர்கள் 1 முதல் 10 வரை அளக்கிறார்கள். 1 சுத்தக் கறுப்பு. 10 மிக வெளிர்ந்த பொன்னிறம். நம்மில் பெரும்பாலானோர் 1க்கும் 3க்கும் இடையில் இருக்கிறோம். வெளுக்க வெளுக்கக் கறுப்பு நேராகப் பொன்னாவதில்லை. முதலில் செங்கபிலம், பிறகு சிவப்பு, செம்மஞ்சள், பொன்மஞ்சள், மஞ்சள், கடைசியில் வாழைப்பழத் தோலின் உட்புறம் மாதிரி வெளிறிய மஞ்சள். சாம்பல் பொன்னிறம் வேண்டுமென்றால் இந்தக் கடைசிப் படிக்குப் போயே ஆக வேண்டும். போகாமல் செம்மஞ்சள் மேல் சாம்பல் டோனரைப் போட்டால் சேற்று நிறம்தான் கிடைக்கும்.

ஆரோக்கியமான, எதுவும் செய்யாத கருமுடியை ஒரே அமர்வில் 6 அல்லது 7 வரை ஏற்றுவது நியாயமான எதிர்பார்ப்பு. அந்த இடத்தில் கிடைப்பவை செஸ்ட்நட், கரமல், செம்பு, பித்தளைக் கபிலம். நம்முடைய தோல் நிறத்துக்கு இவை எடுப்பாக இருக்கும் என்பது என் கட்சி. கண்டியின் மேகமூட்டமான பகல் வெளிச்சத்தில் சாம்பல் நிறங்கள் சோர்ந்து தெரிகின்றன. செம்பும் கரமலும் அப்போதும் உயிரோடு இருக்கின்றன. 9க்கு மேல் போக வேண்டும் என்று மனம் கேட்டால் இரண்டு மூன்று அமர்வு, இடையில் வாரக்கணக்கில் ஓய்வு என்று கணக்குப் போடுங்கள். "ஒரே நாளில் செய்து தருகிறேன்" என்பவர் 40 வொல்யூம் பெரொக்சைட்டை, அதாவது 12 சதவீதக் கிரீமை, நம்பிக் கொண்டிருக்கக்கூடும். 20 வொல்யூம் 6 சதவீதம், 30 வொல்யூம் 9 சதவீதம். வலுவான கிரீம் வேகமாக வெளுக்கும், வேகமாகச் சேதமும் செய்யும். எந்த வொல்யூம் பாவிக்கிறீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை. தெரிந்தவர் கோபப்படமாட்டார்.

சலூனில் காட்டும் நிறப் புத்தகத்தில் 6.3, 7.4 என்று எண்கள் இருக்கும். புள்ளிக்கு முன்னால் உள்ளது இந்த 1 முதல் 10 வரையான அளவு. பின்னால் உள்ளது சாயல்: 1 பெரும்பாலும் சாம்பல், 3 பெரும்பாலும் பொன். மற்ற எண்கள் கம்பனிக்குக் கம்பனி மாறும். எனவே எண்ணை மனப்பாடம் செய்யாமல் முன்னால் உள்ள இலக்கத்தை மட்டும் பாருங்கள். உங்கள் முடி 2 என்றால் 9இல் கைவைக்கும்போது இடையில் ஏழு படி இருக்கிறது.

முடியின் ஜாதகம்

தலைமுடி மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளர்கிறது. அப்படியென்றால் 60 சென்ரிமீற்றர் நீளமுள்ள முடியின் நுனி ஐந்து வருடத்துக்கு முந்தியது. அந்த ஐந்து வருடத்தில் அதற்கு என்னென்ன செய்தீர்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. பலயாஜில் அதிகம் வெளுக்கப்படுவதும் அந்தப் பழைய நுனிதான். சலூன்காரரிடம் "ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்வது நம் ஊரில் ஒரு பழக்கம். கேட்டால் திட்டுவார்களோ, விலையைக் கூட்டுவார்களோ என்ற பயம். இந்த ஒரு விடயத்தில் மறைக்கக் கூடாது. போவதற்கு முன் கடந்த ஐந்து வருடத்தை உட்கார்ந்து யோசித்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ரீபொண்டிங், ஸ்ட்ரெயிட்டனிங். மலையகத்து ஈரக்காற்றில் சுருண்டு பறக்கும் முடியை நேராக்கும் ஆசையில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை. ரீபொண்டிங் மருந்து முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, முடியை நேராக்கி, திரும்பப் பொருத்துகிறது. முழுவதும் பொருந்துவதில்லை. வெளுப்புக் கலவை அதே பிணைப்புகளில் மறுபடி கைவைக்கும். விளைவு, நனைந்ததும் இழுபட்டு அறுந்து போகும் முடி. ரீபொண்டிங் செய்த பகுதி இன்னும் தலையில் இருந்தால், நல்ல சலூன்காரர் ஒன்றில் மறுப்பார், இல்லையென்றால் அந்த நீளத்தை வெட்டிவிடச் சொல்வார். மறுப்பவரை நம்புங்கள். ஒல்லாப்ளெக்ஸ் போன்ற பிணைப்புக் காக்கும் மருந்துகள் 2014 முதல் சந்தையில் உள்ளன, உதவவும் செய்கின்றன. ஆனால் "அது போட்டால் எதுவும் ஆகாது" என்பது விற்பனைப் பேச்சு. கெரட்டின் சிகிச்சை அவ்வளவு ஆழமானதல்ல. இரண்டும் செய்ய ஆசையென்றால் பலயாஜ் முதலில், இரண்டு வாரமாவது கழித்துக் கெரட்டின்.

அடுத்தது கறுப்பு டை. நரையை மறைக்க மாதாமாதம் வீட்டில் பூசிய பொடியும் கிரீமும் வேரில் மட்டும் நின்றதில்லை. ஒவ்வொரு தடவையும் நுனி வரைக்கும் இழுத்துச் சீவியிருப்போம். செயற்கைக் கறுப்பு இயற்கைக் கறுப்பைவிடப் பிடிவாதமானது. புதிதாக வளர்ந்த பகுதி வெளுத்து வந்தாலும் டை உள்ள பகுதி திட்டுத் திட்டாகச் செம்பிலேயே நிற்கும். டையின் மேல் டை போட்டு வெளிர்நிறம் எடுக்க முடியாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நரை கலந்த முடிக்குப் பலயாஜ் நல்ல வழிதான்: மெல்லிய வெளிர்க் கற்றைகள் நரையோடு கலந்துவிட, மாதாமாதம் கறுப்பு பூசும் சிறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரலாம். ஆனால் அது ஒரு வருடத் திட்டம்.

மருதோன்றிக்கு வருவோம். வீட்டு வேலியில் பறித்து அரைத்த இலையில் ஆபத்தில்லை. அதன் செஞ்சாயம் முடியின் கெரட்டினோடு ஒட்டிக்கொண்டு, வெளுக்கும்போது பிடிவாதமான செம்மஞ்சளாக நிற்கும், அவ்வளவுதான். கடையில் பொட்டலமாக வரும் 'ஹென்னா' வேறு கதை. சிலவற்றில் உலோக உப்புகள் கலந்திருக்கும். அவை பெரொக்சைட்டைச் சந்தித்தால் தலையிலேயே சூடு கிளம்பும், நுரைக்கும், முடி உருகி அறும். 'கறுப்பு ஹென்னா' என்று வருவதில் பெரும்பாலும் பி.பி.டி. எனப்படும் சாயம் இருக்கிறது. பொட்டலத்தின் பெயர் நினைவிருந்தால் சலூனில் சொல்லுங்கள். வெற்றுப் பொட்டலம் இருந்தால் கொண்டுபோங்கள். சந்தேகமென்றால் காதுக்குப் பின்னால் மறைவாக ஒரு சிறு கற்றையை வெட்டி, 20 வொல்யூம் பெரொக்சைட்டும் சில துளி அமோனியாவும் கலந்த கண்ணாடிக் கிண்ணத்தில் அரை மணி நேரம் போட்டு வைப்பார்கள். குமிழி வந்தாலோ கிண்ணம் சூடானாலோ அன்றைக்கு வெளுக்கும் வேலை கிடையாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. குளித்த கையோடு, உதிர்ந்த நனைந்த முடி ஒன்றை இரண்டு விரல்களுக்கு இடையில் பிடித்து மெல்ல இழுங்கள். நலமான முடி சற்று நீண்டு, விட்டதும் திரும்பிச் சுருங்கும். நீண்டபடியே நின்றாலோ உடனே அறுந்தாலோ, பலயாஜுக்கு வைத்த காசை இரண்டு மாதத்துக்கு வேறு எதற்காவது வைத்திருங்கள்.

பேசிப் பார்க்க ஒரு நாள்

போன உடனே செய்துகொண்டு வருவது முடி வெட்டுவதற்குச் சரி. பலயாஜுக்கு முதலில் ஒரு தடவை பேசிவிட்டு வருவது நல்லது. அதற்கு ஒரு காரணம் ஒவ்வாமைச் சோதனை. டோனரின் ஒரு துளியைக் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும். கலியாண வீடுகளில் கைக்குக் கறுப்பு மெஹந்தி போட்டு அரித்து, கொப்பளம் வந்த அனுபவம் உள்ளவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. அந்தக் கொப்பளத்துக்குக் காரணமான பி.பி.டி.யும் அதன் உறவுச் சாயங்களும் முடிச்சாயங்களில் இருக்கின்றன. ஒரு தடவை ஒவ்வாமை வந்த உடம்பு அதை மறப்பதில்லை.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் ஒரு சொல். வெளுப்புப் பொடியின் தூசியில் உள்ள பெர்சல்பேட் மூச்சுக்குழாயைத் தூண்டும்; முடியலங்காரத் தொழிலாளர்களுக்கு வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு இது பெயர்போன காரணம். ஏசி போட்டு மூடிய சிறிய அறையைவிட, ஜன்னல் திறக்கும் சலூனைப் பாருங்கள். இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும். கர்ப்பிணிகளுக்குப் பெரிய ஆபத்து இல்லை என்றே மருத்துவ உலகம் பொதுவாகச் சொல்கிறது. முதல் மூன்று மாதம் தாண்டட்டும் என்று பலர் காத்திருப்பார்கள். உங்கள் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சலூனைத் தெரிவு செய்யும்போது சுவரில் மாட்டிய சான்றிதழ்களைப் பார்ப்பது நல்லதுதான். முடியலங்காரத்துக்கும் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமை இருக்கிறது. அது இருந்தால் அடிப்படை தெரிந்தவர். பலயாஜ் தெரியுமா என்பதைச் சான்றிதழ் சொல்லாது. அவர் தன் கையால் செய்த வேலையின் படங்களைக் கேளுங்கள்: நம்மைப் போன்ற கருமுடியில், பகல் வெளிச்சத்தில் எடுத்தது. சலூனின் வட்ட விளக்கடியில் எந்த நிறமும் அழகாகத்தான் தெரியும். முடிந்தால் அதே வாடிக்கையாளரின் முடி இரண்டு மாதத்துக்குப் பிறகு எப்படி இருந்தது என்று காட்டச் சொல்லுங்கள். அந்தப் படத்தை வைத்திருப்பவர் தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர்.

கண்டியில் உங்கள் சலூன்காரர் சிங்களத்தில் பேசுபவராக இருக்கலாம், நீங்கள் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் கலந்து பேசலாம். நிறத்தின் பெயரைச் சொல்லிப் புரியவைப்பதில் எந்த மொழியிலும் பிழை வரும். ஒருவருக்கு பிரவுண் என்பது இன்னொருவருக்குச் சிவப்பு. பிடித்த படம் இரண்டு, பிடிக்காத படம் இரண்டு கொண்டுபோங்கள். பிடிக்காத படம்தான் அதிகம் உதவும். படத்தில் இருப்பவரின் வேர் கறுப்பாக இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். தென்னிந்திய நடிகைகளின் படங்கள் ஐரோப்பிய மொடல்களின் படங்களைவிட நமக்குப் பக்கத்தில் இருக்கும். அவற்றில் சில சவுரிமுடி என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஹிஜாப் அணிபவர்கள் தனியறை உண்டா, அன்றைக்கு ஆண் பணியாளர்கள் இருப்பார்களா என்று நாள் குறிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நாலைந்து மணி நேரம் திரைக்குப் பின்னால் நெளிந்துகொண்டிருக்க முடியாது.

விலை நீளத்தையும் அடர்த்தியையும் பொறுத்தது. "இத்தனை ரூபாவிலிருந்து" என்று பலகையில் இருப்பது தோளளவு முடிக்கு. இடுப்பளவுக்கு அது இரட்டிப்பாகலாம். ஆகவே முடியை அவிழ்த்துக் காட்டி, முழுத் தொகையைக் கேளுங்கள்: டோனர் சேர்ந்ததா, பிணைப்பு மருந்து சேர்ந்ததா, கடைசியில் வெட்டி உலர்த்திச் சீவுவது சேர்ந்ததா, நிறம் சரிவராவிட்டால் ஒரு வாரத்துக்குள் டோனரைத் திரும்பப் போடுவார்களா. பதிலை வட்ஸ்அப்பில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முற்பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டும் வாங்குங்கள். பிரச்சினை முற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது. கையில் சீட்டு இல்லாமல் அங்கே பேசிப் பயனில்லை. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியில் அழகுசாதனப் பொருட்களின் இறக்குமதியை நிறுத்தியபோது, தெரிந்த பெயருள்ள மருந்துகள் கிடைக்காமல், சலூன்காரர்கள் கிடைத்ததை வைத்து வேலை பார்க்க வேண்டி வந்தது. அந்தக் காலம் போய்விட்டாலும், உங்கள் கண் முன்னால் டியூபைத் திறக்கச் சொல்வதும் காலாவதித் திகதியைப் பார்ப்பதும் நல்ல பழக்கம்.

நாள் குறித்தல்

நீளமான, அடர்ந்த முடிக்கு நாலு மணி நேரம் என்பது குறைந்த கணக்கு. ஹட்டன், நுவரெலியா, மாத்தளைப் பக்கமிருந்து வருகிறவர்கள் காலையிலேயே நேரம் எடுக்க வேண்டும். பின்னேரம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால், கடைசி பஸ்ஸை நினைத்து டோனரைப் பாதியில் கழுவச் சொல்லும் நிலை வரும். பாதியில் கழுவிய டோனர் ஒரு கிழமைகூட நிற்காது.

எசல பெரஹரா காலத்தில் நகரத்துக்குள் நாள் குறிக்காதீர்கள். ஆடி ஆவணியில் வரும் அதில் கும்பல் பெரஹரா ஐந்து இரவு, ரந்தோலி பெரஹரா ஐந்து இரவு. தலதா வீதி, யட்டிநுவர வீதி, டி.எஸ். சேனாநாயக்க வீதி எல்லாம் பிற்பகலிலேயே அடைபடத் தொடங்கும். உள்ளே போனவர் வெளியே வர நள்ளிரவாகலாம். அந்த நாட்களில் பேராதனைப் பக்கமோ குண்டசாலைப் பக்கமோ பார்க்கலாம்.

கலியாணப் பெண்ணுக்குப் பத்திலிருந்து பதினான்கு நாள் முன்னால் சரி. புதிய டோனர் ஓரிரு கழுவலில் அமர்ந்து இயல்பாகும், திருத்தம் தேவைப்பட்டால் நேரமும் இருக்கும். பலயாஜ் பின்னலில் மிக அழகாகத் தெரியும், கருங்கற்றையும் வெளிர்க்கற்றையும் மாறி மாறி முறுகும். ஆனால் முழுக் கொண்டை போட்டுப் பூச்சரம் சுற்றினால் நுனி உள்ளே போய்விடும். செலவழித்தது படத்தில் வராது. அலங்காரம் செய்பவரிடம் எந்தக் கட்டு என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு முடிவெடுங்கள். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டும் சடங்கு இருந்தால் அது முடிந்த பிறகுதான் சலூன். வெளுத்த முடி துளைகள் நிறைந்தது, மஞ்சளை உடனே குடித்துக்கொள்ளும்.

இதே காரணத்துக்காகச் சித்திரைப் புத்தாண்டையும் கணக்கில் எடுங்கள். அன்றைக்குத் தலையில் வைக்கும் மருத்துநீரில் மஞ்சளும் இலைகளும் பூக்களும் சேர்த்துக் காய்ச்சப்பட்டிருக்கின்றன. தலையில் வைக்காமல் விட முடியாது, விடவும் வேண்டாம். உச்சியில் ஒரு துளி வைத்தால் சம்பிரதாயம் நிறைவேறும்; நுனிமுடியை உயர்த்திக் கொண்டையாகக் கட்டிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளுத்த இடத்தில் வழியவிட வேண்டாம். செவ்வாய் வெள்ளியில் முடியில் கத்தரி வைக்கக் கூடாது என்று சொல்லும் பாட்டி வீட்டில் இருந்தால், பலயாஜோடு நுனியையும் வெட்டிவிடுவது வழக்கம் என்பதையும் நினைவில் வைத்து வேறு கிழமை பாருங்கள். பாட்டியோடு வாதாடுவதைவிட அது சுலபம்.

வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டு மூன்று நாள் தலை கழுவ வேண்டாம். பிறகு சல்பேட் இல்லாத ஷம்பூ, வெந்நீர் இல்லாத குளியல். கண்டிக் குளிரில் இது கஷ்டம்தான். உடம்புக்கு வெந்நீர், தலைக்குப் பச்சைத் தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஊதா ஷம்பூ வாங்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். ஊதா மஞ்சளைத் தணிக்கும். நம்மில் பெரும்பாலானோர் நிற்பது செம்மஞ்சளில். அதைத் தணிப்பது நீலம். கரமல் பலயாஜ் செய்துவிட்டு மாதக்கணக்கில் ஊதா ஷம்பூ போட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்கிறவர்கள் நீல ஷம்பூவுக்கு மாறிப் பார்க்கட்டும். வாரத்துக்கு ஒரு தடவை போதும். செம்பு நிறம் விரும்பிச் செய்தவர்களுக்கு இரண்டும் வேண்டாம்.

தேங்காய் எண்ணெய்க்குப் பயப்படத் தேவையில்லை. முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பது தேங்காய் எண்ணெய்தான், சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் அந்த வேலை தெரியாது என்று 2003இல் இந்திய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கழுவுவதற்கு முந்திய இரவு நுனிக்குத் தடவுங்கள். பச்சையும் சிவப்புமாக மூலிகை காய்ச்சிய எண்ணெய்களையும், மஞ்சள் ஏறிய கடுகெண்ணெயையும் மட்டும் வெளுத்த இடத்தில் தவிருங்கள். எண்ணெய் தலையோடு அயன் பிடிக்கவும் வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. மகாவலியிலிருந்து சுத்திகரித்து வரும் குழாய்த்தண்ணீர் பாவிக்கிறவர்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. திகன, குண்டசாலைப் பக்கம் நிலத்தடியில் சுண்ணப்பாறை, டொலமைட் என்று இருப்பதால் கிணற்றுத் தண்ணீர் கடினம். சவர்க்காரம் நுரைக்காது, முடி சொரசொரக்கும். குழாய்க் கிணற்றில் வாளியின் அடியில் துருக்கறை படிகிறதென்றால் இரும்பு இருக்கிறது. அந்த இரும்பு முடியில் படிந்து நிறத்தைச் செம்மையாக்கும், அடுத்த தடவை வெளுக்கும்போது பெரொக்சைட்டோடு சேர்ந்து முடியைச் சூடாக்கவும் செய்யும். கனிமம் நீக்கும் ஷம்பூவை மாதம் ஒரு தடவையும், சலூனுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பும் பாவியுங்கள். மழை தாராளமாக உள்ள ஊர் இது. கடைசி அலசலுக்குப் பிடித்து வைத்த மழைநீர் கண்டிஷனரை விட நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

சிலருக்கு ஆறு மாதத்தில் அலுத்துவிடும், அல்லது புதிய வேலை இடத்தில் ஒத்துவராது. அப்போது கடைக்கு ஓடிப்போய்க் கறுப்பு டைப் பெட்டி வாங்கிப் பூசுவதுதான் முதலில் தோன்றும். வெளுத்த முடியில் செம்மை இல்லை. அதன் மேல் நேராகக் கபிலம் பூசினால் பாசி படிந்த பச்சைச் சாயல் வரும், கறுப்பு பூசினால் இரண்டு மூன்று வாரத்தில் கழன்று திட்டாகும். சலூன்காரர் முதலில் செம்பு அல்லது பொன் சாயலை உள்ளே நிரப்பிவிட்டு, அதன் மேல் உங்கள் இயற்கை நிறத்தைவிட ஒரு படி வெளிர்ந்த கபிலத்தைப் போடுவார். வெளுத்த முடி சாயத்தை ஆழமாக உறிஞ்சுவதால் அந்த ஒரு படி தானே இறங்கிவிடும். இதற்கும் ஒரு விலை உண்டு. முதல் நாள் பேசப் போகும்போதே அதையும் சேர்த்துக் கேட்டு வையுங்கள்.